ட்ரோலோன் மோந்தோ: 2017-க்கு முன்னும் பின்னும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் போர்தோ பகுதியில், செயின்ட் எமிலியோன் ஊரை ஒட்டிய மோந்தோ குன்றின் உச்சியில் இருக்கிறது ட்ரோலோன் மோந்தோ எஸ்டேட். சிவப்பு ஒயின் மட்டும்தான். 2017-ல் எஸ்டேட் கைமாறியது. ஒயினின் குணமும் அதோடு மாறியது. பெயர் அதேதான் என்பதால் 2010 அறுவடை ஒயினைக் குடித்துப் பிடித்துப்போய் 2019-ஐ வாங்கியவர்களும், 2009 பிடிக்காமல் இந்தப் பக்கமே வராமல் போனவர்களும் குழம்புகிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே.

யார் போனார்கள், யார் வந்தார்கள்?

1936-லிருந்து வலெத் குடும்பத்தின் சொத்து இது. 1980-களின் தொடக்கத்தில் கிறிஸ்தீன் வலெத் பொறுப்பேற்றார். அவரும் அவருடைய கணவர் க்சாவியே பாரியாந்தும் சேர்ந்துதான் எஸ்டேட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆலோசகராக மிஷெல் ரோலான் இருந்தார். செயின்ட் எமிலியோன் தரவரிசையில் 2006-ல் இதற்கு முதல் வரிசை கிடைத்தது. அந்தப் பட்டியல் நீதிமன்றம் வரை இழுபட்டாலும், 2012-லும் 2022-லும் அதே இடம் உறுதியானது. கிறிஸ்தீன் வலெத் 2014-ல் காலமானார்.

2017-ல் ஸ்கோர் என்ற பிரெஞ்சு மறுகாப்பீட்டு நிறுவனம் எஸ்டேட்டை வாங்கியது. நிர்வாகத்துக்கு எமெரிக் து ஜிரோந்த் வந்தார். அதற்கு முன் அவர் ஆற்றின் அந்தப் பக்கம், செயின்ட் எஸ்தெஃப் ஊரின் கோ தெஸ்தூர்னெல் எஸ்டேட்டை நடத்தியவர். ஆலோசகர் இடத்துக்குத் தொமா தூக்லோ வந்தார். எனவே "புது ஒயின் தயாரிப்பாளர்" என்று ஒரே ஆளைச் சொல்வது வசதிக்காகத்தான். முடிவெடுத்தவர் ஒருவர், கையும் நாக்கும் கொடுத்தவர்கள் பலர்.

பெயரை எப்படிச் சொல்வது?

ட்ரோ-லோன் மோந்-தோ. 19-ஆம் நூற்றாண்டில் இதை வைத்திருந்த ரேமோன் ட்ரோலோனின் பெயர் அது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் செனட் தலைவராக இருந்த சட்ட அறிஞர். எழுத்தைப் பிரித்துப் படித்தால் பிரெஞ்சில் "அளவுக்கு மீறிய நீளம்" என்று பொருள் வரும். பழத்தைக் கொடியிலேயே நெடுநாள் விட்டுவைத்த எஸ்டேட்டுக்குத் தானாக அமைந்த கிண்டல்.

பழைய பாணி என்றால் எப்படி இருக்கும்?

கோப்பையில் மை போலக் கறுப்பு. மூக்கில் கறுப்புச் செர்ரி ஜாம், உலர்ந்த பிளம், காபி, சாக்லேட், வறுத்த ஓக். வாயில் நிறைந்து, தித்திப்பு போன்ற ஒரு மென்மையோடு இறங்கி, கடைசியில் தொண்டையில் சூடு. வெயில் ஆண்டுகளில் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தாண்டும். முதல் கோப்பை அசத்தும். சாப்பாட்டோடு இரண்டாவது கோப்பை கொஞ்சம் சுமைதான்.

அப்படியானால் முன்பிருந்தவர்கள் தவறு செய்தார்களா?

இல்லை. 1970-களின் போர்தோவில் பெரிய குறை பழுக்காத திராட்சை. மழைக்குப் பயந்து அவசரமாகப் பறித்து, சர்க்கரை போதாமல் தொட்டியில் சர்க்கரை கொட்டி, நீர்த்த, புளித்த, பச்சை வாடை அடிக்கும் ஒயினைச் செய்துகொண்டிருந்த காலம் அது. "காத்திரு, நன்றாகப் பழுக்கட்டும்" என்று ரோலான் போன்றவர்கள் சொன்னது அன்றைக்குச் சரியான மருந்து. மருந்து பலித்தது, அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பெரிய மதிப்பெண் கொடுத்தார், விலை ஏறியது. நோய் போன பிறகும் மருந்தை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். இடையில் வெயிலும் கூடிப்போனது. 1985-ல் அக்டோபர் வரை காத்திருப்பதும் 2009-ல் காத்திருப்பதும் ஒன்றல்ல.

புதியவர்கள் முதலில் மாற்றியது எதை?

பறிக்கும் நாளை. மற்ற எல்லா மாற்றமும் இதன் பின்னால் வந்தவை.

தோட்டத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் மெர்லோ. மீதி காபெர்னே சோவிஞோன், கொஞ்சம் காபெர்னே ஃப்ரான். மெர்லோ வேகமாகப் பழுத்து வேகமாகக் கெடும் ரகம். சரியான பதம் சில நாட்கள்தான் நிற்கும். காபெர்னே போல இரண்டு வாரம் பொறுக்காது. முன்பு இங்கே மெர்லோவை அக்டோபர் வரை விட்டுவைப்பது சாதாரணம். இப்போது சூடான ஆண்டுகளில் பெரும்பகுதி செப்டம்பரிலேயே உள்ளே வந்துவிடுகிறது.

இதில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கணக்குப் போடலாம். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால். 14.5 சதவீதத்துக்குச் சாற்றில் சுமார் 245 கிராம் போதும். 15.5 என்றால் 260-ஐத் தாண்ட வேண்டும். சூடான, காய்ந்த செப்டம்பரில் ஒரு வாரம் பத்து நாளில் இந்த வித்தியாசம் வந்துவிடும். அதில் பாதி பழம் புதிதாகச் செய்த சர்க்கரைகூட இல்லை. தண்ணீர் வற்றி, இருக்கிற சர்க்கரை செறிந்ததுதான். அதே நாட்களில் மாலிக் அமிலம் எரிந்து குறையும், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; ஏறினால் புளிப்பு குறைவு) ஏறும், புதுப்பழ வாசனை போய் உலர்பழ வாசனை வரும். அந்த வாசனை ஒரு முறை ஏறிவிட்டால் தொட்டியில் என்ன செய்தாலும் போகாது.

பறிக்கும் நாளை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

துண்டு துண்டாக. குன்று ஒரே நிலம் போலத் தெரிந்தாலும் மேட்டுச் சமதளத்தில் கனமான களிமண், அடியில் சுண்ணாம்புப் பாறை, சரிவில் மண் மெலிவு. சரிவுப் பழம் முந்தும், களிமண் பழம் பிந்தும். ஒவ்வொரு துண்டிலும் இருநூறு பழம் அளவுக்கு, நிழல் பக்கமும் வெயில் பக்கமும் கலந்து பறித்து, நசுக்கிச் சர்க்கரை, அமிலம், பிஎச் பார்ப்பார்கள். அது பாதி வேலை. மீதி வாயில்.

ஒரு பழத்தைக் காம்பிலிருந்து இழுங்கள். சதை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தால் பழுக்கவில்லை. காம்பில் கருஞ்சிவப்பான ஒரு சிறு தூரிகை மட்டும் நின்றால் பதம். சாற்றை விழுங்கிவிட்டுத் தோலை மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை மெல்லுங்கள். ஈறு உலர்ந்து இழுத்தால் பொறுக்கலாம், துவர்ப்பு மாவு போலக் கரைந்தால் ஆயிற்று. விதையைத் துப்பிப் பாருங்கள்: பச்சை ஓரம் போய்ப் பழுப்பாகி, பல்லில் நறுக்கென்று உடைய வேண்டும். விரலால் அழுத்தினால் பழம் மீண்டும் உப்ப வேண்டும். அழுத்திய குழி அப்படியே நின்றால், தோல் சுருங்கத் தொடங்கியிருந்தால், நாள் தாண்டிவிட்டது. பழைய பாணிக்காரர் அந்தச் சுருக்கத்துக்காகத்தான் காத்திருப்பார். புதியவர் அதற்கு முன்தினம் கத்தரிக்கோலை எடுத்துவிட வேண்டும் என்று துடிப்பார்.

முன்னதாகப் பறித்தால் பச்சை மிளகாய் வாடை வராதா?

காபெர்னேயில் வரும் ஆபத்து உண்டு. மெர்லோவிலும் குளிர்ந்த ஆண்டில் வரும். அந்த வாடைக்குக் காரணமான பைரசீன் வெயில் பட்டுக் குறைவது; பெரும்பகுதி பழம் நிறம் மாறும் பருவத்துக்கு முன்னும் அதை ஒட்டியுமே குறைந்துவிடும். எனவே கடைசி வாரத்தில் காத்திருப்பதைவிட, ஜூலையில் கொத்தைச் சுற்றிக் காற்றும் காலை வெயிலும் படும்படி கிழக்குப் பக்க இலையைக் கொஞ்சம் நீக்குவதுதான் பலன் தரும். மேற்குப் பக்க இலையை விட்டுவிட வேண்டும். முன்பு இரண்டு பக்கமும் உருவிவிடும் வழக்கம் போர்தோ முழுக்க இருந்தது. இன்றைய ஆகஸ்ட் வெயிலுக்கு அப்படிச் செய்தால் பழம் கொடியிலேயே வெந்துவிடும்.

கடைசியில் அவசரப்பட்டுப் பறிப்பவர்களும் உண்டு. அவர்கள் ஒயினில் பச்சை வாடை இல்லாவிட்டாலும் நடுவாய் காலியாக இருக்கும்: முன்னே புளிப்பு, பின்னே துவர்ப்பு, நடுவில் ஒன்றுமில்லை. "புத்துணர்ச்சி" என்ற பெயரில் விற்கப்படும் சில ஒயின்களில் இந்தக் குறை இருக்கிறது. ட்ரோலோன் மோந்தோவில் களிமண் காப்பாற்றுகிறது. சீக்கிரம் பறித்தாலும் அந்த மண் சதைப்பற்றைக் கொடுத்துவிடும்.

தொட்டிக்குள் என்ன மாறியது?

சாறு நொதிக்கும்போது தோல் மேலே மிதந்து தொப்பி போலக் கட்டும். அடியிலிருந்து சாற்றைப் பம்பு வைத்து அதன் மேல் ஊற்றியோ, தொப்பியை உள்ளே அமுக்கியோ நிறத்தையும் துவர்ப்பையும் இறக்குவார்கள். எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு சூட்டில் என்பதில்தான் பாணி. 30 டிகிரியைத் தாண்டிய சூடு, நாளுக்குப் பல முறை ஊற்றல், நீண்ட ஊறல் என்பது கனமான ஒயினுக்கான வழி. 25, 26 டிகிரியில் தொப்பியை நனைத்து விட்டால் போதும் என்பது தேநீரை வடிப்பது போன்ற வழி. இந்த மேட்டுக் களிமண்ணில் துவர்ப்பு தானாகவே நிறைய. பிழியத் தேவையில்லை என்பதுதான் புதிய அணியின் நிலைப்பாடு.

இங்கே ஒரு நுணுக்கம். தோலின் நிறம் தண்ணீரிலேயே இறங்கிவிடும். விதையின் முரட்டுத் துவர்ப்பை இழுப்பது ஆல்கஹால். எனவே வேலையெல்லாம் நொதித்தலின் முதல் பாதியில், ஆல்கஹால் ஏறுவதற்கு முன் முடிந்துவிட வேண்டும். 15.5 சதவீதத்துக்குப் போகும் தொட்டியில் கடைசிவரை பம்பு ஓடினால் விதை கரைந்து வாய் மரத்துப்போகும். அதை மறைக்கப் புது ஓக் வேண்டும். அதைத் தாங்க இன்னும் பழுத்த பழம் வேண்டும். இப்படித்தான் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போனது.

அதிகச் சர்க்கரையின் இன்னொரு தொல்லை, 15 சதவீதத்துக்கு மேல் ஈஸ்ட் மூச்சுத்திணறி நொதித்தல் பாதியில் நின்றுவிடுவது. மிச்சம் நிற்கும் சர்க்கரையில் பாக்டீரியா புகுந்தால் வினிகர் நெடி.

ஓக் பீப்பாய்?

முன்பு முக்கால் பங்கு முதல் முழுவதும் புதுப் பீப்பாய். இப்போது மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி. எண்ணிக்கையைவிட வறுவல் முக்கியம்: உள்பக்கம் கருக வறுத்தால் காபி, புகை, மெல்ல நீண்ட நேரம் சுட்டால் வாசனை பின்னால் நிற்கும். 225 லிட்டர் பீப்பாய் 300 புட்டிக்குச் சமம். சிறியது என்பதால் ஒயினில் மரம் படும் பரப்பு அதிகம்.

பிஎச் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஒயினைக் காப்பது சல்ஃபர் டை ஆக்சைடு. அதில் உண்மையில் கிருமியைக் கொல்லும் வடிவம் மிகச் சிறு பங்குதான். அந்தப் பங்கை நிர்ணயிப்பது பிஎச்.

பிஎச் 3.5 இருக்கும் ஒயினில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் கட்டற்ற (வேறு எதோடும் சேராமல் நிற்கும்) சல்ஃபர் டை ஆக்சைடு வைத்தால் வேலை செய்யும் பங்கு சுமார் 2 சதவீதம், அதாவது 0.6 மில்லிகிராம். அதே 30 மில்லிகிராமைப் பிஎச் 3.8 ஒயினில் வைத்தால் பங்கு 1 சதவீதம், 0.3 மில்லிகிராம். அதே காவலுக்கு 60 போட வேண்டும். போட்டால் மூக்கில் தீக்குச்சி வாடை. போடாவிட்டால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பீப்பாயில் குடியேறி, குதிரைலாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் போன்ற நாற்றம் தரும். இது எந்த எஸ்டேட்டுக்கும் பொருந்தும் கணக்கு. பத்து நாள் முன்னதாகப் பறிப்பது ருசி விஷயம் மட்டும் அல்ல, ஒயின் முப்பது ஆண்டு நிற்குமா என்ற விஷயமும்கூட.

புதிய புட்டிகளிலும் 14.5, 15 என்றுதானே போட்டிருக்கிறது?

லேபிள் எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வழக்கமாக அரை சதவீதப் படிகளில்தான் அச்சிடுவார்கள். உண்மை அளவு 0.5 வரை மேலோ கீழோ இருக்கலாம். உள்ளே 14.8 இருக்கும் ஒயினை 14.5 என்றும் போடலாம், 15 என்றும் போடலாம். தவிர, மேட்டுக் களிமண் மெர்லோ, இன்றைய வெயில், இங்கிருந்து 12.5 சதவீத ஒயின் எதிர்பார்ப்பது நடக்காது. மாறியிருப்பது அளவைவிட அது தெரியும் விதம். புளிப்பு நிமிர்ந்து நின்றால் 14.5 தொண்டையில் சுடாது.

எந்த ஆண்டு எந்தப் பாணி?

2016 வரை பழைய பாணி. 2016 நல்ல ஆண்டு. பறித்தவர்கள் பழையவர்கள், எஸ்டேட் கைமாறியபோது அது பீப்பாயில் இருந்தது. குன்றின் பழைய முகத்தை அளவோடு பார்க்க நினைப்பவருக்கு அதுதான் புட்டி.

2017-ஐப் புதிய அணியின் முதல் ஆண்டு என்பார்கள். ஆனால் அந்தக் குளிர்காலக் கவாத்து பழைய கைகளுடையது. ஏப்ரல் கடைசியில் போர்தோவைத் தாக்கிய உறைபனியில் பள்ளத் தோட்டங்கள் கருகின. குளிர்காற்று கீழே இறங்குவதால் உயரத்தில் இருந்தவை பெருமளவு தப்பின. முழு ஆண்டும் புதியவர்கள் கையில் இருந்தது 2018 முதல். 2018, 2019, 2020 மூன்றையும் வரிசையாக வைத்துக் குடித்தால் பாணி எங்கே போகிறது என்று தெளிவாகும். 2021 குளிர்ந்த, மழை ஆண்டு. மெலிந்தது, ஆனால் புதிய பாணியை வெயில் திரையின்றிக் காட்டுவது அதுதான். 2022 கடும் வறட்சி. பழைய கையில் இந்த ஆண்டு என்னவாகியிருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

ஆலோசகரை மாற்றினாலே பாணி மாறிவிடுமா?

மாறாது. அருகிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது. ஃபிஜாக் எஸ்டேட் 2013 வாக்கில் ரோலானை ஆலோசகராக வைத்தபோது, இனி இங்கேயும் ஜாம்தான் என்று ரசிகர்கள் புலம்பினார்கள். நடந்தது வேறு. அங்கே மூன்றில் இரண்டு பங்கு காபெர்னே ரகங்கள், சரளை மண். ஒயின் துல்லியமாகியது, குணம் மாறவில்லை. 2022 தரவரிசையில் முதல் வரிசைக்குள்ளேயே உச்சிப் படிக்கு ஏறியது. ஆலோசகர் யோசனைதான் சொல்வார். கத்தரிக்கோல் யார் கையில் என்பதே கேள்வி.

பழைய 2005, 2009, 2010 புட்டிகள் இருக்கின்றன. விற்கவா, வைக்கவா?

ஒன்றைத் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் நாள் ஒரு கோப்பை, மீதியைக் கார்க்கால் மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் ஒரு கோப்பை. மறுநாளும் பழம் இருந்தால் இன்னும் பத்தாண்டு பயப்பட வேண்டாம். அத்தியும் உலர்திராட்சையும் சோயா சாஸும் மட்டும் மிச்சமென்றால் மற்றவற்றையும் சீக்கிரம் குடித்துவிடுங்கள். துவர்ப்பு தளரும், ஓக் கரையும். ஆல்கஹால் மட்டும் எத்தனை ஆண்டு வைத்தாலும் குறையாது. இளமையில் சுட்டது முதுமையிலும் சுடும்.

எப்படி ஊற்ற வேண்டும்?

16 டிகிரியில். பழைய பாணிக்கு 15 இன்னும் நல்லது. 20-ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் அடிக்கும். சிவப்பு ஒயினை "அறை வெப்பத்தில்" குடிக்கச் சொல்வது பிரெஞ்சுக் கல்வீட்டு அறையை மனதில் வைத்து, சென்னை மே மாத ஹாலை அல்ல. ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி போட்ட வாளியில் பத்து நிமிடம் போதும்.

2018 முதல் வந்தவற்றை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வாய் அகன்ற ஜாடியில் ஊற்றிவையுங்கள். 2005 போன்றவற்றை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து மண்டி அடியில் படிந்த பின், வெளிச்சத்தைப் பின்னால் வைத்து மெல்லச் சாய்த்து, கழுத்தில் மண்டி தெரிந்ததும் நிறுத்துங்கள். ஜாடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

மோந்தோ என்று தனியாக ஒரு ஒயின் விற்கிறதே?

எஸ்டேட்டின் இரண்டாவது ஒயின். இளங்கொடிகளும் முதல் கலவைக்கு எடுக்காத தொட்டிகளும் இதற்குப் போகும். புதிய பாணி பிடிக்குமா என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ள ஏற்றது. ஐந்தாறு ஆண்டில் குடிக்கலாம்.

கடைசியாக, எது நல்ல பாணி?

எங்கள் கை புதியதற்கே போகிறது. ஆனால் பழையதை வெறுப்பவர்கள் சொல்வது போல அது மண்ணைத் தொலைத்த ஒயின் அல்ல. 1989, 1990 ஆண்டுகளை நன்றாகப் பாதுகாத்த புட்டியில் குடித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அவை அதே கிறிஸ்தீன் வலெத் காலத்தவைதான். அத்துமீறல் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய வெயில் ஆண்டுகளில் நடந்தது. இரண்டு பாணிக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டுமென்றால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஆட்டுக்கறி வறுவலோடு 2010, 2019 இரண்டையும் ஊற்றுங்கள். எந்தப் புட்டி முதலில் காலியாகிறது என்று மட்டும் பாருங்கள்.